ஈன்ற பசு மறுபடி சினைப்படும் வரை: ஒரு சொல் வேண்டும்

வெள்ளவத்தையிலிருந்து:
வணக்கம். பண்ணை மாடுகளின் இனப்பெருக்கத்தைக் கணித மாதிரியுருவாகச் சொல்லும் பாடக்குறிப்பைத் தமிழாக்குகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். பசு ஈன்ற நாளிலிருந்து மறுபடி சினைப்படும் வரையுள்ள காலத்துக்குச் சொல் கிடைக்கவில்லை. அதனோடு சினைக்காலத்தைக் கூட்டினால் ஈற்றிடைவெளி, அதாவது ஒரு கன்று ஈன்றதிலிருந்து அடுத்ததை ஈனும் வரையுள்ள காலம். சினைக்காலம் ஏறத்தாழ 283 நாள். ஆண்டுக்கு ஒரு கன்று என்றால் மீதி 82. ஆங்கிலத்தைப் பார்த்து 'திறந்த நாட்கள்' என்று ஒருவர் எழுதித் தந்திருக்கிறார். இதை வகுப்பில் எப்படி வாசிப்பது?

தெஹிவளை:
'வறள்நாள்'?

வெள்ளவத்தை:
ஆகாது அக்கா. அது பால் வற்றவிடும் கடைசி 60 நாள். அப்போது பசு நிறைசினை.

கொட்டாஞ்சேனை:
தம்பி, வீட்டிலேயே சொல் இருக்கிறது. தொல்காப்பிய உரியியல் புனிறு என்பதற்கு ஈன்றணிமை என்று பொருள் சொல்கிறது. அகநானூற்றில் பாணன் யாழைப் போட்டுவிட்டு வீட்டுக்குள் ஓடிவருவது புனிற்றா, அதாவது அண்மையில் ஈன்ற பசு, பாய்ந்ததால். 'புனிற்றுநாள்' என்றே வையும். 'ஈற்றிடைவெளி'யையும் விடும். ஈற்றெழுத்து, ஈற்றயல் என்று படித்த பிள்ளைகள் கடைசி என்றுதான் எடுப்பார்கள்.

இரத்மலானை:
ஐயா, அது இறு, ஈறு. இது ஈன், ஈற்று. தலையீற்றுப் பசு, அதாவது முதன்முறை ஈன்ற பசு, என்றால் மாடு வளர்க்கிறவர் யாரும் கடைசி என்று நினைப்பதில்லை. 80ஆம் நாள் நிற்கிற மாட்டை ஈன்றணிமை என்று சொல்லவும் முடியாது. ஆனால் கருப்பை பழைய நிலைக்குத் திரும்ப ஏறத்தாழ 40 நாள் செல்லும். அதுவரை சினை ஊசி போடாமல் விடுகிற காலத்துக்குப் 'புனிற்றுக்காலம்' அப்படியே பொருந்தும். சமன்பாட்டில் அதற்கும் ஒரு குறியீடு வேண்டும்தானே. அப்புறம் 21 நாளுக்கு ஒரு வேட்கை, அதாவது பசு சினைப்படக்கூடிய பருவம். கவனிக்காமல் விட்டால் இன்னொரு 21 நாள் ஏறும். முழுவதற்கும் 'சினையில்லா நாட்கள்' போதும், பிள்ளைகளுக்கு உடனே விளங்கும்.

தெஹிவளை:
எனக்கும் அதுவே சரி.

கொட்டாஞ்சேனை:
இன்னும் ஈனாத இளம் பசுவான நாகும் சினையில்லாததுதான். அதற்கும் இந்த நாட்களை எண்ணுவீர்களா?

வெள்ளவத்தை:
நியாயமான கேள்வி ஐயா. வரைவிலக்கணத்தில் 'ஈன்ற பின்' என்று சேர்த்துவிட்டேன். முதற்பகுதிக்கு உங்கள் புனிற்றுக்காலம், முழுவதற்கும் சினையில்லா நாட்கள். இன்று பிற்பகல் அனுப்புகிறேன்.

கொட்டாஞ்சேனை:
வரைவிலக்கணம் தாங்கிப் பிடிக்க வேண்டிய சொல்லை நான் ஏற்கவில்லை. அடுத்த பதிப்புக்கு முன் மறுபடி கேட்பேன்.