கணினி ஒலிபெருக்கிகளைக் கொண்டு வீட்டில் 5.1 ஒலி அமைக்கலாமா?

முள்ளியவளைவாசி:
அனைவருக்கும் வணக்கம். கணினி வகுப்பு நடத்திவந்த என் மைத்துனர், வகுப்பை மூடியபோது அங்கிருந்த 5.1 ஒலிபெருக்கித் தொகுதியை என்னிடம் தந்துவிட்டார். ஒரு பேஸ் பெட்டியும் ஐந்து சிறிய ஸ்பீக்கர்களும் உள்ளன; பெட்டியிலிருந்து பச்சை, கறுப்பு, செம்மஞ்சள் நிறங்களில் மூன்று செருகிகள் வருகின்றன. ஆனால் எங்கள் 32 அங்குலத் தொலைக்காட்சியில் ஹெட்போனுக்கான ஒரு துளையும், ஓப்டிக்கல் துளை ஒன்றும், எச்.டி.எம்.ஐ. துளைகள் இரண்டுமே உள்ளன. பச்சைச் செருகியை ஹெட்போன் துளையில் செருகினால் முன் ஸ்பீக்கர்கள் மட்டும் ஒலிக்கின்றன. மகளின் மேசைக் கணினியில் அதே செருகியைச் செருகிப் படம் பார்த்தபோது இசை நன்றாகவும் பேச்சு மிக மெலிதாகவும் கேட்டது. படங்களைப் பெரும்பாலும் மடிக்கணினியிலிருந்து தொலைக்காட்சிக்கு இணைத்தே பார்க்கிறோம். வீடு இந்திய வீட்டுத்திட்டத்தில் கட்டியது. ஹோல் ஏறக்குறைய பத்தடிக்குப் பன்னிரண்டடி. இந்தத் தொகுதியை வைத்தே சமாளிக்கலாமா, அல்லது ஹோம் தியேட்டர் என்று விற்கும் தொகுதியை வாங்குவதுதான் வழியா?

மாங்குளம் வயர்மன்:
தம்பி, வாங்க வேண்டாம். உங்களிடம் இருப்பதே போதும். குறை ஸ்பீக்கரில் இல்லை, அதற்குக் கொடுக்கும் ஒலியில்தான் இருக்கிறது. அந்த மூன்று செருகிகளும் சேர்ந்து ஆறு தடங்களைக் கொண்டுவர வேண்டியவை: பச்சையில் முன் இடமும் வலமும், கறுப்பில் பின் இரண்டும், செம்மஞ்சளில் நடு ஸ்பீக்கரும் பேஸும். தொலைக்காட்சியின் ஹெட்போன் துளை தருவதோ இரண்டே தடங்கள். ஒன்றை மூன்றாகப் பிரிக்கும் வயரைக் கடைக்காரர் காட்டினால் வாங்காதீர்கள். அது அதே இரண்டு தடங்களை எல்லா ஸ்பீக்கர்களுக்கும் பகிர்ந்துகொடுக்குமே தவிர, பின்னால் வர வேண்டிய மழைச் சத்தத்தைப் பின்னால் கொண்டுபோகாது.

மகளின் கணினியில் பேச்சு மெலிந்ததற்கும் இதுவே காரணம். திரைப்படத்தின் 5.1 ஒலியில் உரையாடல் பெரும்பாலும் நடுத் தடத்தில்தான் பதிவாகியிருக்கும். கணினியின் ஒலி அமைப்பு 5.1 என்றிருக்க, பச்சை மட்டும் செருகப்பட்டால், நடுத் தடம் போய்ச்சேர இடமில்லாமல் போகிறது. அமைப்பை ஸ்டீரியோ, அதாவது இரண்டு தடம், என மாற்றினால், கணினி நடுத் தடத்தை இடத்திலும் வலத்திலும் கலந்து கொடுத்துவிடும், பேச்சும் திரும்பிவிடும். அல்லது மூன்றையும் அந்தந்த நிறத் துளையில் செருகிவிடுங்கள். இதைச் செய்து பார்த்த பிறகே எந்தச் செலவையும் யோசியுங்கள்.

மடிக்கணினியில் படம் பார்ப்பதால், உங்களுக்கு மிகவும் எளிய வழி யூ.எஸ்.பி. சவுண்ட் கார்ட், அதாவது மடிக்கணினியின் யூ.எஸ்.பி. துளையில் செருகி ஒலியை வெளியே எடுக்கும் சிறு கருவி. படம் எச்.டி.எம்.ஐ. வழியே தொலைக்காட்சிக்குப் போகட்டும். ஒலி தொலைக்காட்சியைத் தொடாமல் கார்டிலிருந்து நேரே பேஸ் பெட்டிக்கு வரட்டும். ஒரேயொரு விடயத்தில் கவனம் வேண்டும். 7.1 என்று பெட்டியில் அச்சடித்து, ஒரு ஹெட்போன் துளையும் ஒரு மைக் துளையும் மட்டும் வைத்து விற்கும் சிறு கார்டுகள் புறக்கோட்டையிலிருந்து வவுனியா வரை எல்லாக் கடைகளிலும் கிடைக்கின்றன. அவற்றில் வருவது இரண்டு தடங்கள்தான். பின்னிரண்டுக்கும், நடுவுக்கும் பேஸுக்குமாகத் தனித்தனித் துளை உள்ளதா என்று எண்ணிப் பார்த்து வாங்குங்கள்.

ஓப்டிக்கல் துளையையும் பயன்படுத்தலாம், ஆனால் இடையில் டிகோடர் பெட்டி வேண்டும். ஓப்டிக்கல் வயர் 5.1 ஒலியைச் சுருக்கிய வடிவில், டொல்பி டிஜிட்டல் அல்லது டி.டி.எஸ். ஆகத்தான் கொண்டுசெல்லும், அதை விரித்து ஆறு தடங்களாகப் பிரிப்பது அந்தப் பெட்டியின் வேலை. வெளியே வரும் ஒலியும் இரண்டு தடங்களாகவே இருக்கும் மலிவுப் பெட்டிகளும் உண்டு. வாங்குமுன் தொலைக்காட்சியின் ஒலி மெனுவில் பி.சி.எம். (சுருக்காத இரண்டு தட ஒலி) தவிர டொல்பி டிஜிட்டல் என்ற தெரிவும் இருக்கிறதா என்று பாருங்கள்; இல்லையென்றால் பெட்டியை வாங்கியும் பயனில்லை. டிஷ் அன்ரனாவில் வரும் பெரும்பாலான அலைவரிசைகள் ஸ்டீரியோவிலேயே வருவதால், நாடகத்துக்கும் செய்திக்கும் பின் ஸ்பீக்கர்கள் சும்மாதான் இருக்கும்.

உங்கள் வீட்டில் பழைய டிவிடி பிளேயர் கிடந்தால் எறிந்துவிடாமல் பின்புறத்தைப் பாருங்கள். ஆறு ஒலித் துளைகள் உள்ளவற்றுள் டிகோடர் உள்ளேயே இருக்கிறது. டிவிடி பார்ப்பதற்கு, உங்கள் மூன்று செருகிகளை அந்த ஆறு துளைகளோடு இணைக்கும் மாற்று வயர்களைத் தவிர வேறொன்றும் தேவையில்லை.

கரைச்சி அக்கா:
வயர்மன் அண்ணா சொன்ன இணைப்பு முறை சரியானது. ஆனால் பத்தடி ஹோலில் 5.1 அவசியமா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு. பின் ஸ்பீக்கர்கள் கேட்பவருக்குப் பக்கவாட்டிலும் சற்றுப் பின்னாலும், நேர்முகத்திலிருந்து ஏறக்குறைய 110 பாகையில் நிற்க வேண்டும் என்பதே பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை. எங்கள் வீடுகளில் கதிரைகள் சுவரோடு ஒட்டியே கிடப்பதால், பின் ஸ்பீக்கர் காதுக்கருகில் வந்து அதுவே பெரிதாகக் கேட்கும். கதிரையை இரண்டடி முன்னே இழுக்க வீட்டார் சம்மதித்தால் ஐந்தையும் பொருத்துங்கள். சம்மதிக்காவிட்டால் முன் இரண்டையும் பேஸ் பெட்டியையும் மட்டும் ஒழுங்காக வையுங்கள். அந்த இரண்டும் நேர்முகத்திலிருந்து 30 பாகை வீதம் விலகி, உட்கார்ந்திருப்பவரின் காது உயரத்தில் இருந்தாலே பாதி வேலை முடிந்தது.

பேஸ் பெட்டியை அறையின் பின் மூலையில் ஒளித்துவைக்க வேண்டாம். பெரிய தியேட்டர் தொகுதிகளில் 80 ஹேர்ட்ஸ் அளவுக்குக் கீழ் உள்ள ஒலியே பேஸ் பெட்டிக்குப் போவதால், அது எங்கிருந்து வருகிறது என்பதைக் காது கண்டுபிடிக்காது. ஆனால் கணினி ஸ்பீக்கர்கள் உள்ளங்கை அளவே இருப்பதால், 150 அல்லது 200 ஹேர்ட்ஸ் வரையுள்ள ஒலியையும் பேஸ் பெட்டியே சுமக்கிறது. ஆண்குரலின் அடி ஒலி அந்த எல்லைக்குள் வருகிறது. ஆகவே பெட்டி பின்னால் இருந்தால் கதாநாயகனின் குரலில் ஒரு பகுதி உங்கள் முதுகுக்குப் பின்னாலிருந்து கேட்கும். தொலைக்காட்சிக்கு அருகில், தரையில் வையுங்கள். மூலைக்குள் தள்ளினால் முழக்கம் கூடும்.

எங்கள் ஹோல்களில் சீமெந்துத் தரையும் வெறும் சுவரும் ஒலியை எறிந்து எறிந்து விளையாடுவதால்தான் பேச்சு குழம்புகிறது. ஜன்னலுக்குக் கனத்த திரைச்சீலை, தரையில் அகலமான பாய் அல்லது கம்பளம், எதிர்ச் சுவரோடு புத்தக அலுமாரி, இவற்றுக்குப் பிறகு அதே ஸ்பீக்கரைக் கேட்டுப் பாருங்கள். பெட்டியில் ஆயிரக்கணக்கில் அச்சிட்டிருக்கும் பி.எம்.பி.ஓ. (கணநேர உச்ச வலு) வாற்றை நம்பவும் வேண்டாம், அது குறைவென்று கவலைப்படவும் வேண்டாம். பின்புற லேபிளில் மின்சாரம் எத்தனை வாற் எடுக்கும் என்று போட்டிருப்பார்கள். தொடர்ந்து வரும் ஒலியின் வலு அதை மிஞ்ச முடியாது. இந்த ஹோலுக்கு அதுவே தாராளம். ஜெனரேற்றர் இரைச்சலுக்கு நடுவே டெக்கில் படம் பார்த்த தலைமுறை நாங்கள்; பேச்சு விளங்குவதைத்தான் முதலில் கேட்போம்.

வவுனிக்குளத்தான்:
ஒன்று மட்டும் சேர்க்கிறேன். இணைத்தவுடன் பேஸ் பெட்டியில் ஊம் என்ற சத்தம் நிற்காமல் வந்தால், முதலில் டிஷ் வயரைக் கழற்றிப் பாருங்கள். பிறகு மடிக்கணினியின் சார்ஜரை. எதைக் கழற்றும்போது நிற்கிறதோ அந்த வழியாகவே வருகிறது. ஓப்டிக்கல் வயரில் ஒளிதான் போகிறது, மின்சாரம் போவதில்லை என்பதால், அதன் வழியே இந்த இரைச்சல் கடக்காது. ஐப்பசி, கார்த்திகை இடிமழைக்கு டிஷ் வயரையும் பிளக்கையும் சேர்த்தே கழற்றிவிடுங்கள்.

முள்ளியவளைவாசி:
மிக்க நன்றி. ஸ்டீரியோ என மாற்றியதும் பேச்சு தெளிவாகிவிட்டது. கதிரையை முன்னே இழுக்க வீட்டில் சம்மதம் கிடைத்ததால், மூன்று துளை உள்ள கார்டைத் தேடப் போகிறேன். பின் ஸ்பீக்கர்களின் வயர் எட்டவில்லை, நீட்டலாமா? இந்தச் சிறு ஸ்பீக்கர்களை ஒரு பழைய ஆம்பிளிபயரில் பொருத்தினால் சத்தம் கூடுமா?

மாங்குளம் வயர்மன்:
ஆம்பிளிபயர் வேண்டாம், தம்பி. அந்தச் சிறு ஸ்பீக்கர்களுக்கான வலு பேஸ் பெட்டிக்குள் இருக்கும் ஆம்பிளிபயரிலிருந்து அளந்து வருகிறது. பெரிய ஆம்பிளிபயர் அவற்றின் சுருளைக் கருக்கிவிடும். பல கணினி ஸ்பீக்கர்கள் 4 ஓம் என்பதால் 8 ஓமுக்குச் செய்த ஆம்பிளிபயரும் சூடாகும். ஆம்பிளிபயரின் ஸ்பீக்கர் முனையைப் பச்சைச் செருகியில் இணைப்பது அதைவிட மோசம். பேஸ் பெட்டியின் உள்பலகையே போய்விடும்.

வயரைத் தாராளமாக நீட்டலாம். சாதாரண இரட்டை வயரே போதும். கோடு போட்ட இழையைக் கோடு போட்ட இழையோடு சேர்த்து முறுக்கி, ஈயம் பற்றவைத்து, ரேப் சுற்றிவிடுங்கள். ஒரு ஸ்பீக்கரில் மட்டும் இழைகள் மாறிப்போனால் இரண்டும் ஒன்றையொன்று வெட்டி ஒலி மெலியும். சோதிக்க, இடத்திலும் வலத்திலும் ஒரே ஒலி வரும் செய்தி வாசிப்பு ஒன்றை அந்த இரண்டு ஸ்பீக்கர்களில் மட்டும் போடுங்கள்: குரல் இரண்டுக்கும் நடுவில் நின்றால் சரி, எங்கிருந்து வருகிறதென்று தெரியாமல் பரந்து கேட்டால் ஒன்றின் இழைகளை மாற்றிப் போடுங்கள்.