மறு: நுழைவு வளைவு நிதி – அண்ணன் பெயரைப் போடும் முன் படிப்பகத்தைத் திறங்க

அனுப்பியவர்: கிணத்தடி வீட்டு இளையவள், சிங்கப்பூர்

சங்கத்துப் பெரியவங்களுக்கும் அண்ணன் தம்பிகளுக்கும் வணக்கம்.

தலைவர் மாமா அனுப்பின வளைவுப் படத்தையும் நன்கொடைப் பட்டியலையும் பார்த்தேன். வர்ற செப்டம்பரோட அண்ணன் நியூயார்க் கோபுரத் தாக்குதலில் போய் 25 வருஷம். ஊர் முகப்பில் அவர் பேரில் சிமெண்டு வளைவு, வெளியூரில் இருக்கிற தலைக்கட்டுக்கு இருபதாயிரம். எங்க வீட்டுப் பங்கை நான் இன்னும் அனுப்பல. ஏன் அனுப்பலன்னு நேரா சொல்லிடறேன்.

பொங்கலுக்கு என் நாத்தனார் ஊருக்குப் போயிருந்தாங்க. படிப்பகத்தைப் பார்த்துட்டு அன்னைக்கு ராத்திரியே எனக்குப் படம் அனுப்பினாங்க. கதவில் பூட்டு. சன்னல் வழியா பார்த்தா யூரியா மூட்டை, பந்தல் கழி, திருவிழா சீரியல் பல்பு சுருள் சுருளா. மேற்கு மூலையில் தளம் பெயர்ந்து கம்பி வெளியே தெரியுது. அண்ணன் பண்ருட்டியில் சொல்லிச் செஞ்ச ரெண்டு நீள பெஞ்சும் இல்ல. கரண்டு வெட்டி எத்தனை வருஷம்னு ஊரில் யாருக்கும் சொல்லத் தெரியல. அவர் உயிரோட இருந்தப்ப கட்டின ஒண்ணு இப்படிக் கிடக்கும்போது, அவர் பேரில் இன்னொண்ணு கட்ட எனக்கு மனசு வரல.

இந்தக் குழுவில் இருக்கிற பிள்ளைங்களில் பாதிப் பேர் அப்ப பிறக்கவே இல்ல. அவங்களுக்கு அது டிவியில் பார்த்த ரெண்டு கோபுரம். அவங்களுக்காக எழுதறேன்.

அண்ணன் சிதம்பரத்தில் அண்ணாமலை பல்கலைக்கழகத்தில் படிச்சவர். நம்ம தெருவில் முதல் இன்ஜினியர். 2000 பிறந்தா கம்ப்யூட்டர் எல்லாம் தேதி குழம்பி நின்னுடும்னு அமெரிக்காக்காரங்க ஆளைத் தேடித் தேடி எடுத்த காலத்தில் போனார். 2001இல் நியூயார்க்கில் உலக வர்த்தக மையத்தோட வடக்குக் கோபுரத்தில், 96ஆம் மாடியில் ஒப்பந்த வேலை. ஆபீஸ் ஒன்பது மணிக்குத்தான். இவர் எட்டுக்கே போயிடுவார். சீக்கிரம் போனா சீக்கிரம் கிளம்பலாம், பாப்பா தூங்கறதுக்குள்ள வீட்டுக்கு வந்துடலாம்னு. செப்டம்பர் 11, செவ்வாய்க்கிழமை, 8:46க்கு விமானம் மோதினது 93லிருந்து 99 வரைக்கும் இருந்த மாடிகளில். மூணு படிக்கட்டும் அடைபட்டுப் போச்சு. 92ஆம் மாடியிலும் அதுக்கு மேலயும் இருந்தவங்க ஒருத்தர்கூடப் பிழைக்கல. நம்ம ஊரில் அப்ப சாயங்காலம் ஆறேகால். அண்ணனோட அம்மா, எங்க பெரியம்மா, விளக்கேத்திட்டு மல்லாட்டை உரிச்சுக்கிட்டு இருந்தாங்க.

எனக்கு அண்ணன்னா பலாப்பழம் வெட்டறதுதான் ஞாபகம் வருது. ஆனி மாசத்தில்தான் லீவு போட்டு வருவார். திண்ணையில் சாக்கு விரிச்சு, கைக்கும் கத்திக்கும் நல்லெண்ணெய் தடவி, பழத்தை நீளவாக்கில் பிளந்து, நடுத்தண்டில் வடியற பாலை தினத்தந்தித் தாளால் ஒத்தி ஒத்தி எடுப்பார். அவசரமே இருக்காது. சுளையில ஒட்டியிருக்கிற சடை ஒண்ணு விடாம பிரிப்பார். பல் இல்லாத பெரியம்மாவுக்கு நார் இல்லாத சுளை தனி ஓலைத்தட்டில் போகும். எங்களுக்கெல்லாம் கொடுத்து முடிச்சு, தண்டை மாட்டுக்குப் போட்டுட்டு, கடைசியா அவர் தின்னுவார். கொட்டையைக் கழுவிக் காயவெச்சுப் பெட்டியில் கட்டிக்கிட்டுப் போவார், அண்ணி மசக்கையில் பலாக்கொட்டைக் குழம்பு கேட்டாங்கன்னு. அந்த மரம் ‘தானே’ங்கற புயலில் வேரோட சாஞ்சுது. 2011 டிசம்பர் 30. நம்ம பக்கம் முந்திரியும் பலாவும் ஒண்ணு மிச்சமில்லாமப் போன அன்னைக்கு, மரத்துக்காகப் பெரியம்மா அழுத அழுகையைப் பார்த்தவங்க இந்தக் குழுவில் இருக்கீங்க.

1999இல் படிப்பகம் கட்டினார். ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை கரண்டு பில் அவர்தான் கட்டினார். அவருக்கு அப்புறம் பெரியம்மா பலாப்பழக் காசில் கட்டினாங்க. மரம் போச்சு, பின்னால பெரியம்மாவும் போனாங்க. கட்ட ஆளில்ல. இவ்வளவுதான் நடந்தது. அந்தத் தொகை நம்ம யாருக்கும் ஒரு வேளை ஓட்டல் சாப்பாட்டுக் காசு.

இன்னொண்ணு. போன வாரம் இந்தக் குழுவில் "நஷ்டஈடு கோடி கோடியா வாங்கின குடும்பம்தானே, அவங்களே வளைவு கட்டலாமே" என்று எழுதியிருந்தாங்க. அண்ணியும் இந்த மடலெல்லாம் படிக்கறாங்க, தெரியுமில்ல? அந்தப் பணத்தை அமெரிக்க அரசு கொடுத்தது, போனவர் வயசு, சம்பளம், அவரை நம்பி எத்தனை பேர்னு கணக்குப் போட்டு. வாங்கினவங்க விமானக் கம்பெனி மேல வழக்குப் போடற உரிமையை விட்டுக் கொடுத்தாங்க. அதைவிட முக்கியம், அண்ணியோட விசாவே அண்ணன் விசாவை நம்பி இருந்தது. அவர் போன நிமிஷம் கைக்குழந்தையோட அந்த நாட்டில் இருக்கற உரிமையும் போச்சு. அக்டோபர் கடைசியில் வந்த புதுச் சட்டத்தில்தான், இப்படிப் பறிகொடுத்த வெளிநாட்டுக் குடும்பங்க ஒரு வருஷம் இருக்கலாம்னு வழி பண்ணாங்க. கிரீன் கார்டுக்கு அண்ணன் முன்னாடியே மனு போட்டு வெச்சிருந்ததால தங்க முடிஞ்சுது. அண்ணிக்கு அப்ப 27 வயசு. அதுக்கு மேல அவங்க பணத்தை எண்ண இங்க யாருக்கும் உரிமை கிடையாது.

வளைவு வேணாம்னு நான் சொல்லல. படிப்பகத்துக் கூரையும் கரண்டும் முதல்ல. வளைவு அப்புறம்.

–––

அனுப்பியவர்: வாத்தியார் வீட்டு மூத்தவன், தோஹா

அனைவருக்கும் வணக்கம்.

தங்கை எழுதியது நான் கேட்ட கேள்விக்குப் பதில் என்று எடுத்துக்கொள்கிறேன். நான் கேட்டது கணக்கு. யார் மனதையும் புண்படுத்த அல்ல. ஆனால் கணக்குக் கேட்டாலே இந்தக் குழுவில் ஆகாதவன் ஆகிவிடுகிறேன்.

படிப்பகத்துக்கு 1999இல் தொடங்கிய கூட்டு வங்கிக் கணக்கு இப்போது யார் பெயரில் இருக்கிறது? தானே புயலுக்கு நாம் அனுப்பிய பணத்தில் தார்ப்பாய் வாங்கியது போக மிச்சம் எங்கே? அப்போதிருந்த பொருளாளர் "ஊருக்கு வந்தால் நோட்டைக் காட்டுகிறேன்" என்றார். அந்த நோட்டை இன்று வரை நான் பார்க்கவில்லை. வளைவுக்கான மதிப்பீட்டில் "இதரச் செலவு" என்று ஒரு வரி. இதரம் என்றால் என்ன?

உங்களுக்கெல்லாம் மறந்திருக்கும். அண்ணன் தன் கைப்பணத்தில் கட்டிய கட்டடத்துக்கே கணக்கு எழுதி வைத்தவர். நீளமான பச்சை அட்டை நோட்டு. செங்கல், மணல், கொத்தனார் கூலி, டீ, வடை என்று கடைசிப் பக்கம் வரை. எனக்குப் பத்தாம் வகுப்புப் பரீட்சைக் கட்டணம் கட்டியதும் அதில் இருக்கிறது. என் அப்பா திருப்பிக் கொடுத்த தேதியும் பக்கத்தில் எழுதியிருக்கிறது. கொடுத்ததையும் எழுதினார், வந்ததையும் எழுதினார். அவர் பெயரில் வசூலித்தால் அதே மாதிரி நோட்டு இருக்க வேண்டும். அது இல்லாமல் நான் ஒரு ரூபாய் தர மாட்டேன். இருந்தால் கூரைச் செலவு முழுவதும் என்னுடையது.

–––

அனுப்பியவர்: மணியக்காரர் வீடு, நியூ ஜெர்சி

எல்லாருக்கும் வணக்கம். நான் சாதாரணமா நீளமா எழுத மாட்டேன்.

வளைவு என் பேருக்காகன்னு நினைக்கிறவங்க நினைக்கட்டும். பக்கத்து ஊர் முகப்பில் வளைவு நிக்குது, அதுக்காகத்தான் நான் துடிக்கிறேன்னு தனியா பேசிக்கிறதும் எனக்குத் தெரியும்.

அன்னைக்கு பாலம், சுரங்கப்பாதை எல்லாத்தையும் மூடிட்டாங்க. போன் கிடைக்கல. மறுநாள் ராத்திரி மருமக என் வீட்டுக்கு வந்தா, இடுப்பில் குழந்தை. ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியா ஏறி இறங்கினோம். லெக்சிங்டன் அவென்யூவில் பழைய ராணுவக் கட்டடம் ஒண்ணு, காணாமப் போனவங்களைப் பதியற இடம். தெரு நீளத்துக்கு சனம், ஆளுக்கு ஒரு போட்டோ. பதியறதுக்கு உயரம், எடை, போட்டிருந்த சட்டை, உடம்பில் அடையாளம் எல்லாம் கேட்டாங்க. அந்தப் பொண்ணுக்குப் பேச்சு வரல. நான்தான் ஊருக்கு போன் பண்ணி அக்காவைக் கூப்பிடச் சொன்னேன். "உம் மகன் உடம்பில் தழும்பு எங்கெங்கே இருக்குக்கா?" ஒரு தாய்கிட்ட நான் இப்படிக் கேட்டேன். அக்கா ஒண்ணொண்ணா சொன்னாங்க. இடது முழங்கைக்குக் கீழ பலா வெட்டின கத்திக் காயம், நாலு தையல். முதுகில் மச்சம். வலது கால் சுண்டு விரல் மடங்கியிருக்கும். சொல்லி முடிச்சிட்டு, "இதெல்லாம் ஏன்டா கேக்கற"ன்னு கேட்டாங்க. அது வரைக்கும் வேலை விட்டு வர நேரமாகுதுன்னுதான் அவங்ககிட்ட சொல்லி வெச்சிருந்தாங்க.

அவன் சீப்பும் பல் தேய்க்கிற பிரஷும் கொண்டுபோய்க் கொடுத்தோம், டிஎன்ஏ பார்க்க. இன்னும் ஒண்ணும் வரல. அங்க செத்த 2,753 பேரில் சுமார் 1,100 பேருக்கு இன்னும் அடையாளம் தெரியல. 2025 ஆகஸ்டில்கூட மூணு பேரைக் கண்டுபிடிச்சாங்க. அதனால அடையாளம் பார்க்கற அந்த ஆபீஸ்ல இருந்து கடிதம் வந்தா மருமக இப்பவும் உட்கார்ந்துதான் பிரிப்பா. 2001 அக்டோபர் 28ஆம் தேதி குடும்பங்களைக் கூப்பிட்டு, அந்த இடத்து மண்ணை ஒரு சின்னச் செப்பில் கொடுத்தாங்க. தேவனாம்பட்டினம் கடலில் கரைக்கலாம்னு தை மாசம் கொண்டு வந்தோம். அக்கா கொடுக்கல. "இதில் என் பிள்ளை இருக்கான்னு எவனாவது எழுதிக் கொடுங்கடா, கரைக்கிறேன்"னாங்க. கடைசி வரைக்கும் சாமி மாடத்தில்தான் இருந்தது.

அந்த ரெண்டு கோபுரம் நின்ன இடத்தில் இப்ப ரெண்டு குளம். சுத்தி வெண்கலத்தில் பேர் வெட்டியிருக்கு. 2011இல் திறந்த அன்னைக்கே போனோம். நம்ம வழக்கம் தெரியாத நாடு, அப்பன் பேரைக் குடும்பப் பேரா எழுதிக்கிட்டான். அதனால அவன் பேருக்குப் பக்கத்தில் எங்க மாமன் பேரும் வெண்கலத்தில் இருக்கு. கைநாட்டு வெச்சவர், கடலூர் தாண்டாதவர். நான் விரலை வெச்சு அந்தப் பேரைத் தடவினேன். அங்க, அவனைத் தெரியாத ஊரில் அவ்வளவு மரியாதை பண்ணியிருக்கான். நம்ம ஊரில் ஒரு கல்லு இல்லை. இந்த ஒண்ணுதான் எனக்கு ஆத்திரம்.

படிப்பகத்தைப் பூட்டினது யாருன்னு எல்லாருக்கும் தெரியும். பழைய பாகப்பிரிவினைச் சண்டையை இங்க கிளற வேணாம்னு சும்மா இருக்கேன். தோஹா தம்பி கேட்ட தானே புயல் நோட்டு என்கிட்ட இல்லை. அவங்க அப்பா கடைசியாக் கூட்டம் கூட்டினப்ப யார் எடுத்துட்டுப் போனாங்கன்னு அவரே வீட்டில் கேட்கட்டும்.

–––

அனுப்பியவர்: கிணத்தடி வீட்டு இளையவள், சிங்கப்பூர்

மாமா, நீங்க எழுதினதை அண்ணிக்குப் படிச்சுக் காட்டினேன். அடையாளம் கேட்டு போன் பண்ணது நீங்கதான்னு அவங்களுக்கு இன்னைக்குத்தான் தெரியும். ரொம்ப நேரம் பேசினாங்க. குழுவுக்குச் சொல்லச் சொன்னதை மட்டும் எழுதறேன்.

வளைவு வெக்கறது ஊர் இஷ்டம்னாங்க. ஆனா செப்டம்பர் 11 வேணாமாம். அந்த நாளை உலகமே எடுத்துக்கிச்சு, எங்களுக்கு மிச்சம் இருக்கறது அவர் பிறந்த நாள்தான்னாங்க. அங்க நினைவிடத்திலும் யாருக்குப் பிறந்த நாளோ அவங்க பேர் மேல அன்னைக்குக் காலையில் ஒரு வெள்ளை ரோஜா வெக்கறாங்க. பாப்பா வருஷா வருஷம் அன்னைக்குத்தான் போறா. அடையாளம் தெரியாத உடல் மிச்சத்தையெல்லாம் மியூசியம் இருக்கற இடத்திலேயே தரைக்குக் கீழ வெச்சிருக்காங்க இல்ல, பக்கத்தில் குடும்பத்தாருக்குன்னு ஒரு அறை. அங்க கொஞ்ச நேரம் உட்கார்ந்துட்டு வேலைக்குப் போயிடுவாளாம். அண்ணன் பிறந்தது ஆனி மாசம். அன்னைக்குப் படிப்பகத்தைத் திறந்தா, ரெண்டு பேரும் வர்றதா சொல்லியிருக்காங்க. 2002க்கு அப்புறம் பாப்பா நம்ம ஊரைப் பார்த்ததே இல்ல.

இன்னொண்ணு கேட்டாங்க. வளைவுப் படத்தில் போட்டிருக்கற அண்ணன் போட்டோ வேணாம். அது தெருவெல்லாம் ஒட்டின நோட்டீஸ் போட்டோ. வேற படம் அனுப்பறாங்க, பாப்பாவுக்கு மொட்டை போட்ட அன்னைக்கு எடுத்தது.

கணக்கு விஷயம்: தோஹா அண்ணன் சொன்ன மாதிரி புது நோட்டு, புதுக் கணக்கு, ரெண்டு பேர் கையெழுத்து. ஒரு கையெழுத்து தோஹா அண்ணனே போடட்டும், இன்னொண்ணு மாமா. வேற யார் போட்டாலும் நீங்க ரெண்டு பேரும் ஒத்துக்க மாட்டீங்க. பச்சை அட்டை நோட்டு எங்க வீட்டு அலமாரியில் இருக்கு. நாத்தனார்கிட்ட சொல்லி எல்லாப் பக்கத்தையும் படம் எடுத்து இங்க போடறேன்.

கரண்டு பாக்கி எவ்வளவுன்னு விசாரிக்கச் சொல்லியிருக்கேன். கொத்தனார் வந்து தளத்தைத் தட்டிப் பார்க்கணும், அதுக்கு உள்ள போகணும். சாவி யார்கிட்டன்னு மாமாவுக்குத் தெரியும்னா இந்த வாரமே வாங்கிக் கொடுங்க. மூட்டை வெச்சிருக்கறவங்க மாசி மகத்துக்குள்ள எடுத்துக்கட்டும்.