ஒன்றுதான் என்றால் எவ்வளவு?

எம்.ஃபில். மருத்துவ உளவியல் முடித்தவர்:

படிப்பில் நான் செய்த முதல் பெரிய தவறு ஒரு கூட்டல் கணக்கு. பயிற்சிக் காலத்தில் ஒரு மருத்துவமனையின் எலும்பு முறிவு வார்டுக்கு அனுப்பினார்கள். புதிதாகச் சேர்ந்த நோயாளிகளிடம், குடிப்பழக்கம் எவ்வளவு என்று அளக்கும் உலக சுகாதார நிறுவனத்தின் 'ஆடிட்' வினாத்தாளைக் கேட்டுப் பூர்த்தி செய்ய வேண்டும். பத்துக் கேள்விகள், மொத்தம் 40 மதிப்பெண். 8 அல்லது அதற்கு மேல் வந்தால் கவனிக்க வேண்டிய ஆள்.

கால் முறிந்து வந்திருந்த கொத்தனார் ஒருவர். தினமும் குடிப்பதாக ஒப்புக்கொண்டார். ஒரு நாளைக்கு எத்தனை என்று கேட்டேன். "ஒன்றுதான் அம்மா" என்றார். ஒன்று என்று குறித்தேன். அதற்கு மதிப்பெண் சுழியம். ஒரே அமர்வில் ஆறும் அதற்கு மேலும் குடித்ததுண்டா என்பது அடுத்த கேள்வி. "ஐயோ, ஆறா!" என்று பதறினார். அதற்கும் சுழியம். மற்றக் கேள்விகளோடு கூட்டினால் 7. கோப்பை மூடிவிட்டு மதியச் சாப்பாட்டுக்குப் போய்விட்டேன்.

மூன்றாம் நாள் இரவு அவர் போர்வையிலிருந்து எறும்பு பொறுக்கத் தொடங்கினார். எறும்பே இல்லை. விரல் நுனியால் ஒவ்வொன்றாக எடுத்துப் பக்கத்துக் கட்டில்காரர் மேல் படாமல், மிகுந்த மரியாதையோடு கீழே போட்டுக்கொண்டிருந்தாராம். பிறகு இல்லாத சாரத்தில் ஏற முயன்று, மாவுக்கட்டுப் போட்ட காலோடு இறங்கப் பார்த்திருக்கிறார். பெருங்குடிகாரர் திடீரென நிறுத்தினால் இரண்டு மூன்று நாளில் வரும் நடுக்கச் சித்தப்பிரமை அது. கவனிக்காமல் விட்டால் உயிரையே வாங்கும். லோராசெபாம், தயமின் ஊசி என்று இரவெல்லாம் வார்டு அல்லாடியது.

காலையில் அவர் மனைவியிடம் கேட்டேன். "ஒன்றுதான். காலையில் ஒரு குவாட்டர், இரவில் ஒரு குவாட்டர்."

வினாத்தாளின் 'ஒன்று' 10 கிராம் தூய ஆல்கஹால். 180 மில்லி குவாட்டரில் 42.8 சதவீதம் என்றால் ஏறக்குறைய 60 கிராம். அதாவது அவருடைய ஒன்று, தாளில் ஆறு. ஒரு நாளைக்குப் பன்னிரண்டு! அந்த இரண்டு கேள்விகளை மட்டும், சுழியத்துக்குப் பதில் தலா 4 என்று திருத்தினாலே 7 என்பது 15 ஆகிவிடுகிறது. அவர் பொய் சொல்லவில்லை. அளவு என்னுடையது, பாட்டில் அவருடையது. என் வழிகாட்டி திட்டவில்லை. "கட்டிங் என்றால் எத்தனை மில்லி?" என்று மட்டும் கேட்டார். முதுகலை முடித்துவிட்டு வந்தவளுக்குத் தெரியவில்லை. (90. பாதிக் குவாட்டர்.)

எம்.எஸ்சி. உளவியல் மாணவர்:

அக்கா, பழக்கத்தை விடுவது எப்படி இருக்கும் என்று புரிய, எங்கள் வகுப்பில் நான்கு வாரம் பிடித்தமான ஒன்றை விட்டுவிட்டு நாட்குறிப்பு எழுதச் சொன்னார்கள். நான் டீயை விட்டேன். இதெல்லாம் ஒரு பயிற்சியா என்ற திமிரோடுதான். இரண்டாம் நாளே தலைவலி. ஒன்பதாம் நாள் நல்ல மழை, ஒதுங்கிய இடம் டீக்கடை. ஆற்றும் சத்தம் கேட்டதும் கை தானாகக் காசை எடுத்தது. அதோடு நிற்கவில்லை, அன்று மட்டும் ஐந்து டீ. "போனது போய்விட்டது, நாளையிலிருந்து பார்ப்போம்" என்று நாட்குறிப்பிலும் எழுதி வைத்திருக்கிறேன்.

உளவியலாளர் ஆலன் மார்லட் 1985இல் கார்டனோடு சேர்ந்து வெளியிட்ட நூலில் இதையேதான் விளக்குகிறார்: ஒரு சறுக்கலை முழுத் தோல்வியாக எடுத்துக்கொள்ளும் மனம்தான் அடுத்த நான்கையும் குடிக்கவைக்கிறது. தேர்வுக்கு அந்தக் கோட்பாட்டின் ஆங்கிலப் பெயரை மூன்று முறை எழுதிப் பார்த்தும் மனதில் நிற்கவில்லை. அறைத்தோழன் எட்டிப் பார்த்துவிட்டு, "முழுக்க நனைந்த பின் முக்காடு எதற்கு, அவ்வளவுதானே" என்றான். அவன் படிப்பது இயந்திரவியல்.

குடிநோயாளிகள் கூடும் 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்' அமைப்பின், யாரும் வரக்கூடிய திறந்த கூட்டம் ஒன்றுக்கும் போக வேண்டியிருந்தது. 1935இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் இரண்டு பேர் தொடங்கிய அமைப்பு அது. "நான் மாணவன், எனக்குப் பழக்கம் இல்லை" என்றேன். பக்கத்திலிருந்த பெரியவர் தோளில் தட்டி, "முதல் நாள் நானும் அப்படித்தான் சொன்னேன், தம்பி" என்றார். அறையே சிரித்தது. எனக்கு மட்டும் வியர்த்தது. அந்த ஐந்து டீக்குப் பிறகு வாதாடும் தைரியமும் இல்லை.

எம்.ஃபில். முடித்தவர்:

தம்பி, அந்தப் பெரியவர் சொன்னதை நாட்குறிப்பில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கொத்தனார் பிழைத்துவிட்டார். மாவுக்கட்டுப் பிரிக்க வந்த அன்று எறும்புகளைப் பற்றி அவரே சிரித்துப் பேசினார். இப்போதெல்லாம் நான் எண்ணிக்கை கேட்பதில்லை. மேசை இழுப்பறையில் எவர்சில்வர் தம்ளர், கண்ணாடி கிளாஸ், பிளாஸ்டிக் கப் மூன்றும் இருக்கின்றன. தண்ணீர் பாட்டிலையும் நீட்டி, "வழக்கமாக ஊற்றுவது போல ஊற்றிக் காட்டுங்கள்" என்கிறேன். போன வாரம் வந்த ஒருவர் விளிம்பு வரை ஊற்றினார். பிறகு மனைவி பார்க்கிறாரா என்று திரும்பிப் பார்த்துவிட்டு, கொஞ்சம் பாட்டிலுக்கே திருப்பி ஊற்றினார்.