முதல் பூனை அடுத்த வாரம் வருகிறது: வீட்டை எப்படித் தயார் செய்வது?

கேள்வி: புதுவரவு

வணக்கம். காப்பகத்திலிருந்து இரண்டு வயது ஆண் பூனையைத் தத்தெடுக்கிறோம். கருத்தடை ஆகிவிட்டது, தடுப்பூசி அட்டையும் கையில் இருக்கிறது. வரும் சனிக்கிழமை அழைத்து வருகிறோம். வீட்டில் இதற்கு முன் எந்தப் பிராணியும் இருந்ததில்லை. மூன்றாம் மாடி, இரண்டு படுக்கையறை, திறந்த பால்கனி, ஜன்னலோரம் நிறையச் செடிகள், ஆறு வயதுப் பையன்.

வந்ததும் வீடு முழுக்கத் திறந்துவிடலாமா, ஓர் அறையில் வைக்க வேண்டுமா? லிட்டர் பெட்டி (பூனை மலசலம் கழிக்கும் மணல் பெட்டி) மூடி வைத்ததா, திறந்ததா, எங்கே வைப்பது? எதையெல்லாம் அப்புறப்படுத்த வேண்டும்? காப்பகத்தில் உலர் தீவனம் கொடுக்கிறார்கள். நாங்கள் அதைவிட நல்லது என்று வேறொன்றை வாங்கி வைத்துவிட்டோம், பரவாயில்லையா?

பதில்: திண்ணைவாசி

ஓர் அறைதான், யோசிக்கவே வேண்டாம். மனிதர்களுக்குப் பெரிய வீடு தாராளம். புதுப் பூனைக்கோ அது தன் வாசனை எங்குமே இல்லாத அந்நிய எல்லை. திறந்துவிட்டால் நேராகப் போய் ஃபிரிட்ஜுக்குப் பின்னாலோ, சோஃபாவின் அடித்துணியைக் கிழித்துக்கொண்டு அதற்குள்ளோ ஒடுங்கிவிடும். சாப்பிட்டதா, சிறுநீர் கழித்ததா என்று உங்களுக்கும் தெரியாது.

இரண்டாவது படுக்கையறையை ஒதுக்குங்கள். அலமாரிக்குப் பின்னாலும் கட்டிலுக்கு அடியிலும் கை எட்டாத சந்துகளை அட்டையால் அடையுங்கள். ஒளிய இடமே இல்லாமல் செய்துவிடாதீர்கள். அது ஒளியும் இடத்தை நீங்கள் தேர்ந்தெடுத்துக் கொடுக்கிறீர்கள், அவ்வளவுதான். பூனை உள்ளே திரும்பிப் படுக்கும் அளவுக்கு ஓர் அட்டைப்பெட்டியை எடுத்து, எதிரெதிர்ப் பக்கங்களில் ஒவ்வொரு வாசல் வெட்டுங்கள். ஒரே வாசல் என்றால் முன்னால் ஆள் வந்து நின்றதும் மாட்டிக்கொண்டதாக நினைத்துச் சீறும். உள்ளே அது காப்பகத்தில் படுத்திருந்த துணியைக் கேட்டு வாங்கிப் போடுங்கள். தயவுசெய்து துவைக்க வேண்டாம், அந்த வாசனைக்காகத்தான் வாங்குகிறோம்.

தண்ணீரும் தீவனமும் ஒரு மூலை, லிட்டர் பெட்டி அதற்கு நேரெதிர் மூலை. தண்ணீரைத் தீவனத் தட்டிலிருந்தும் கொஞ்சம் தள்ளி, அகலமான பாத்திரத்தில் வையுங்கள். பிராண்டும் கம்பம் 80 முதல் 90 செ.மீ. உயரமாவது இருக்கட்டும். பின்னங்காலில் நின்று உடம்பை முழுதாக நீட்டிப் பிராண்டும்போது அடிப்பலகை ஆடக் கூடாது. ஒருமுறை ஆடினால் அதை விட்டுவிட்டுக் கட்டில் காலுக்குப் போய்விடும்.

பயணத்துக்குத் துணிப்பை வேண்டாம், மேல்பக்கமும் திறக்கும் கெட்டியான கேரியர் வாங்குங்கள். காரில் முன் இருக்கைக்குப் பின்னால், தரையில் நகராதபடி வைத்து, மேலே மெல்லிய துணி போடுங்கள். வீட்டுக்கு வந்ததும் அறையின் கதவு ஜன்னல்களைச் சாத்திவிட்டு, கேரியரை அட்டைப்பெட்டிக்குப் பக்கத்தில் வைத்துத் திறந்துவிடுங்கள். கையை விட்டு இழுக்காதீர்கள், கேரியரைக் கவிழ்க்கவும் வேண்டாம். ஒரு மணி நேரம் ஆனாலும் தானாக வரட்டும்.

எத்தனை நாள் அந்த அறையில் என்பதை நாள்காட்டி சொல்லாது. நீங்கள் இருக்கும்போதே சாப்பிடுகிறதா, வாலைத் தூக்கிக்கொண்டு நடக்கிறதா, கட்டில் மூலையில் கன்னத்தை உரசுகிறதா என்று பாருங்கள். சிலது இரண்டு நாளில் இந்த நிலைக்கு வரும், சிலதுக்கு இரண்டு வாரம் பிடிக்கும். பிறகு வீடு அமைதியாக இருக்கும் நேரத்தில் ஒவ்வோர் அறையாகத் திறந்துவிடுங்கள். முதல் அறைக்குத் திரும்பும் வழி எப்போதும் திறந்தே இருக்கட்டும்.

பையனுக்கு இரண்டே சட்டம். பெட்டிக்குள் இருக்கும்போது தொடக் கூடாது. வெளியே இருந்தால் தரையில் உட்கார்ந்து விரலை நீட்டிக் காத்திருக்க வேண்டும், பூனைதான் வர வேண்டும். வந்தால் கன்னத்திலும் தாடைக்கு அடியிலும் மூன்று முறை தடவிவிட்டு நிறுத்தச் சொல்லுங்கள். இன்னும் வேண்டுமென்றால் அதுவே முட்டும். வால் சாட்டை மாதிரி அடித்தாலோ காது பக்கவாட்டில் திரும்பினாலோ ஆட்டம் முடிந்தது.

பதில்: ஈரமணல்

லிட்டர் விஷயம் மட்டும் சொல்கிறேன். பூனை படுக்கையில் மூத்திரம் போகிறது என்று வரும் புகார்களில் பாதிக்குப் பூனை காரணமே இல்லை.

திறந்த பெட்டி வாங்குங்கள். நீளம், மூக்கிலிருந்து வால் தொடங்கும் இடம் வரை உள்ள அளவைப்போல் ஒன்றரை மடங்கு. வளர்ந்த ஆண் பூனைக்கு ஏறத்தாழ 60 முதல் 70 செ.மீ. ஆகும். ‘பூனை ட்ரே’ என்று விற்பவை பெரும்பாலும் இதைவிடச் சின்னவை. துணி போட்டு வைக்கும் பெரிய பிளாஸ்டிக் பெட்டி ஒன்றை வாங்கி, ஒரு பக்கத்தை மட்டும் 12 செ.மீ. உயரத்துக்கு அறுத்து, விளிம்பைத் தேய்த்து மழுக்கிவிட்டால் போதும். மற்ற மூன்று பக்கமும் உயரமாக இருப்பதால் மணலும் வெளியே சிதறாது.

சிறுநீர் பட்டதும் கட்டியாகும் ரகம், பொடி மணல், வாசனை சேர்க்காதது. 5 முதல் 7 செ.மீ. ஆழம் நிரப்புங்கள். சிக்கனம் பார்த்து மெல்லிசாகப் போட்டால் சிறுநீர் அடித்தட்டில் இறங்கி ஒட்டிக்கொள்ளும். கரண்டியால் எடுக்க வராது, வாசனை தங்கிவிடும், பூனை வேறிடம் தேடும். காப்பகத்தில் என்ன மணல் போடுகிறார்கள் என்று கேட்டு அதிலேயே தொடங்குங்கள். மாற்ற வேண்டுமென்றால் பிறகு பக்கத்தில் இன்னொரு பெட்டியில் புதியதை வைத்துப் பூனையையே தேர்வு செய்ய விடுங்கள்.

ஒரு பூனைக்கும் இரண்டு பெட்டி நல்லது. மலத்துக்கு ஒன்று, சிறுநீருக்கு ஒன்று என்று பிரித்துக்கொள்ளும் பூனைகள் நிறைய. வாஷிங் மெஷின் பக்கத்தில் மட்டும் வைக்காதீர்கள். உட்கார்ந்திருக்கும்போது அது சுழலத் தொடங்கினால் பெட்டியின் மேலேயே பயம் வந்துவிடும்.

தினம் இருமுறை அள்ளுங்கள். மாதம் ஒருமுறையாவது எல்லாவற்றையும் கொட்டிவிட்டு வெந்நீரும் சாதாரண சோப்பும் போட்டுக் கழுவுங்கள். ஃபினாயில் கூடாது. பூனையின் கல்லீரலால் அதைச் சரியாக முறிக்க முடியாது, காலில் பட்டதை நக்கினாலே ஆபத்து. பெட்டிக்கு வெளியே சிறுநீர் போய்விட்டால் நொதி கலந்த துப்புரவுத் திரவத்தால் துடையுங்கள். அம்மோனியா கலந்தவை பூனைக்குச் சிறுநீர் மாதிரியே மணக்கும், அதே இடத்துக்குத் திரும்ப வரும். வீட்டில் கர்ப்பிணி இருந்தால் அள்ளும் வேலையை வேறொருவர் செய்யட்டும். பூனை மலத்தில் வரக்கூடிய, கருவைப் பாதிக்கும் டாக்சோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணியின் முட்டைகள் தொற்றும் நிலைக்கு வர ஒரு நாளாவது ஆகும் என்பதால், தினமும் அள்ளுவதே பாதிப் பாதுகாப்பு.

பதில்: நிழல்மரம்

மூடிய பெட்டியைப் பற்றிக் கவலைப்படாத பூனைகளும் உண்டு, இடம் தாராளமாக இருந்தால். புதிதாக வரும் பூனையிடம் அந்தப் பரீட்சை வேண்டாம் என்பதால் ஈரமணல் சொன்னதே சரி.

எனக்குப் பால்கனிதான் முதல் கவலை. வலை அடிக்கும் வரை அந்தக் கதவு திறக்கக் கூடாது. பூனை எப்படி விழுந்தாலும் காலில் நிற்கும் என்பதை நம்பி விட்டுவிடுகிறார்கள். காலில்தான் விழும், ஆனால் தாடை உடையும், நெஞ்சில் அடிபட்டு நுரையீரல் சுருங்கும். கொசுவலை பூனைக்கு வலையே இல்லை. நகம் பட்டால் கிழியும், ஒட்டுப்பட்டையில் மாட்டியது நாலு கிலோ எடை பாய்ந்தால் பிய்ந்து வரும். கம்பி வலையோ கெட்டியான முடிச்சு வலையோ, கண் 3 செ.மீ.க்கு மிகாமல், தரையிலிருந்து கூரை வரை, கீழ் விளிம்பையும் சேர்த்துக் கொக்கி போட்டு இழுத்துக் கட்ட வேண்டும். மேல்பக்கம் மட்டும் சாயும் ஜன்னல் இருந்தால் அதையும் பூட்டிவிடுங்கள், அந்த இடுக்கில் நழுவி மாட்டிக்கொள்ளும்.

செடிகளில் லில்லி இருந்தால் இன்றே வெளியேற்றுங்கள். மகரந்தம் உடம்பில் ஒட்டி அதை நக்கினாலே, ஜாடித் தண்ணீரைக் குடித்தாலே, சிறுநீரகம் செயலிழக்கும். பரிசாக வரும் பூங்கொத்தையும் வாசலிலேயே சோதியுங்கள். சைகஸ் என்ற பனை போன்ற அலங்காரச் செடி கல்லீரலை அழிக்கும். மணி பிளாண்ட், டிஃபன்பாக்கியா கடித்தால் வாய் எரிந்து எச்சில் ஒழுகும். உயிருக்கு ஆபத்து அரிது, என்றாலும் உயரே தொங்கவிடுங்கள்.

மாத்திரைகளை மேசையில் வைக்கும் பழக்கத்துக்கு இன்றோடு முற்றுப்புள்ளி. ஒரே ஒரு பாராசிட்டமால் மாத்திரை வளர்ந்த பூனையைக் கொல்லும். நாய்க்கான உண்ணி மருந்தில் பெர்மெத்ரின் இருக்கும், அதைப் பூனைக்குத் துளியும் போடக் கூடாது. அந்துருண்டை, தேயிலைமர எண்ணெய் இரண்டும் வீட்டில் வேண்டாம்.

நூலும் ரப்பர் பேண்டும் பலருக்குத் தோன்றவே தோன்றாது. பூனையின் நாக்கில் முட்கள் உள்நோக்கி இருப்பதால் வாய்க்குள் போன நூலைத் துப்ப முடியாது, விழுங்கத்தான் முடியும். குடலில் ஒரு முனை சிக்கிக்கொண்டால் குடல் சுருங்கி, நூல் அறுத்துவிடும். வாயிலோ ஆசனவாயிலோ நூல் தொங்கினால் இழுக்காமல் அப்படியே மருத்துவரிடம் கொண்டுபோங்கள். ஊசி கோத்த நூல் இன்னும் மோசம். பையனின் பொம்மை ரிப்பன்கள், தூண்டில் மாதிரியான இறகு விளையாட்டுச் சாமான்கள் எல்லாம் விளையாடி முடித்ததும் அலமாரிக்குள் போக வேண்டும்.

வாஷிங் மெஷினைப் போடுமுன் உள்ளே கையை விட்டுத் துழாவுங்கள், பூனை புகுந்து தூங்கிக்கொண்டிருக்கலாம்.

கேள்வி: புதுவரவு

எல்லோருக்கும் மிக்க நன்றி. லில்லி இல்லை, ஆனால் பீஸ் லில்லி என்று ஒரு தொட்டி இருக்கிறது, அதுவும் போக வேண்டுமா? தீவனம் பற்றியும் யாராவது சொல்லுங்கள். பயத்தில் சாப்பிடாமலே இருந்தால் எத்தனை நாள் பொறுக்கலாம்?

பதில்: நாடித்துடிப்பு

பீஸ் லில்லி பெயரில் மட்டும்தான் லில்லி. மணி பிளாண்ட் போல வாய் எரிச்சல்தான் தரும், எட்டாத இடத்தில் வைத்தால் போதும்.

நீங்கள் வாங்கியதைத் திறக்காதீர்கள். முதல் வாரம் காப்பகத் தீவனமே கொடுங்கள். இடமாற்றமும் தீவன மாற்றமும் ஒன்றாக வந்தால் வயிற்றுப்போக்கு எதனால் என்று மருத்துவராலும் சொல்ல முடியாது. பிறகு கால் பங்கு புதியது, முக்கால் பங்கு பழையது. இரண்டு மூன்று நாளுக்குப் பின் பாதிப் பாதி, அப்புறம் முக்கால். 7 முதல் 10 நாளில் முழுதாக மாறலாம். மலம் இளகினால் ஒரு படி பின்வாங்குங்கள். பால் வேண்டாம், வளர்ந்த பூனைகள் பலவற்றுக்கு அது செரிக்காது. நாய்த் தீவனத்தையும் நம்பாதீர்கள், அதில் பூனைக்குத் தேவையான டாரின் என்ற சத்து போதாது.

பட்டினியில் பூனை நாய் மாதிரி இல்லை. முதல் இரவு சாப்பிடாவிட்டால் பயம் வேண்டாம், பல பூனைகள் ஆள் தூங்கிய பிறகுதான் தட்டைத் தொடும். அப்போதும் காப்பகத் தீவனத்தைத் தொடாவிட்டால் மட்டும் கொஞ்சம் ஈரத் தீவனத்தைக் கை சூட்டுக்குச் சூடாக்கி வைத்துப் பாருங்கள், மணம் இழுக்கும். தீவனத்தை எடைபோட்டு வையுங்கள், இல்லாவிட்டால் ‘கொஞ்சம் குறைந்த மாதிரி இருக்கு’ என்ற ஊகமே மிஞ்சும். 24 மணி நேரம் எதுவுமே தொடவில்லை என்றால் மருத்துவரைக் கூப்பிட்டுப் பேசுங்கள். 48 மணி நேரத்துக்கு மேல் காத்திருக்கவே கூடாது. குறிப்பாகக் கொழுத்த பூனை என்றால் உடல் கொழுப்பு கல்லீரலில் போய்ச் சேர்ந்து அதுவே நோயாகிவிடும்.

ஆண் பூனை என்பதால் இன்னொன்று. பெட்டிக்கு அடிக்கடி போய், முக்கி, சொட்டுகூட வராமல் திரும்பினால் அது மலச்சிக்கல் இல்லை, சிறுநீர்க்குழாய் அடைப்பு. காலை வரை பார்க்கலாம் என்று விடாதீர்கள், ஓரிரு நாளில் உயிர் போகும். இரவில் திறந்திருக்கும் மருத்துவமனை எது என்று இப்போதே விசாரித்து எண்ணைக் குறித்து வையுங்கள். ஈரமணல் சொன்ன கட்டியாகும் மணலில் இங்கேயும் வசதி உண்டு, தினம் எத்தனை கட்டி, எவ்வளவு பெரிது என்று பார்த்தாலே மாற்றம் தெரியும்.

தடுப்பூசி அட்டையில் அடுத்த தேதியையும் குடற்புழு மருந்து கொடுத்த தேதியையும் சரிபாருங்கள். தோலுக்கு அடியில் பொருத்தும் மைக்ரோசிப் இருந்தால் 15 இலக்க எண் இருக்கும். அது இருப்பிடத்தைக் காட்டாது, தரவுத்தளத்தில் உள்ள பெயரையும் தொலைபேசியையும்தான் கண்டுபிடித்துத் தரும். காப்பகத்தின் பெயரிலிருந்து உங்கள் பெயருக்கு மாற்றும் படிவத்தைச் சனிக்கிழமையே கையெழுத்திட்டு வாங்கிவிடுங்கள்.