வெளிப்பக்கம் மட்டும் தீராத அரிப்பு, வெள்ளைப்படுதல் அதிகம் இல்லை. இது பூஞ்சைதானா?

மழைத்துளி:

எனக்கு 21 வயது. கொஞ்ச நாளாகவே பிறப்புறுப்பின் வெளிப்பக்கத் தோலிலும் அதன் மடிப்புகளிலும் ஒரே அரிப்பு. பகலில் ஏதாவது வேலையாக இருந்தால் அவ்வளவாகத் தெரிவதில்லை, ராத்திரி படுத்தவுடன் ஆரம்பித்துவிடும், தூக்கத்திலேயே சொறிந்துவிட்டுக் காலையில் பார்த்தால் தோல் சிவந்து கிடக்கும், சிறுநீர் பட்டாலே சுரீர் என்கிறது. வெள்ளைப்படுதல் எப்போதும் போலத்தான், நாற்றமும் இல்லை. மெடிக்கலில் சொல்லி ஒரு கிரீம் வாங்கிப் போட்டேன். போட்டவரைக்கும் நன்றாக இருந்தது, நிறுத்தியதும் திரும்ப வந்துவிட்டது. தினமும் இன்டிமேட் வாஷ் போட்டுத்தான் கழுவுகிறேன், அதனால் சுத்தக்குறைவாக இருக்காது. எனக்கு உடலுறவு அனுபவம் கிடையாது, அப்படியும் தொற்று வருமா? அம்மாவிடம் சொல்லவே கூச்சமாக இருக்கிறது. டாக்டரிடம் போனால் உள்ளே கருவி விட்டுப் பார்ப்பார்களோ என்ற பயம் வேறு.

நீலக்குடை:

தோல் சிகிச்சைப் பிரிவில் நர்ஸாக இருக்கிறேன்மா. இந்தக் கேள்வியோடு வரும் பெண்கள் நிறையப் பேர், அதனால் நீங்கள் கூச்சப்பட ஒன்றுமே இல்லை.

முதலில் அந்த வாஷை இன்றே நிறுத்துங்கள். யோனியின் உட்பகுதி தன்னைத்தானே சுத்தம் செய்துகொள்ளும், அங்கே இருக்கும் நல்ல பாக்டீரியாக்கள் லாக்டிக் அமிலம் சுரந்து, அமிலத்தன்மையைக் காட்டும் பி.எச். அளவை 3.8க்கும் 4.5க்கும் நடுவில் வைத்திருக்கின்றன. வெளிப்பக்கத் தோலுக்கு வெறும் தண்ணீர் போதும். வாசனை சேர்த்த சோப்பு, வாஷ், வெட் வைப்ஸ், வாசனை பேட், தினமும் வைக்கும் பேன்டி லைனர், துணிக்குப் போடும் கண்டிஷனர், ஷேவிங், முடி நீக்கும் கிரீம் எல்லாமே இந்தத் தோலை எரிச்சலாக்கும். எரிச்சல் வந்தால் சுத்தம் போதவில்லை என்று நினைத்து இன்னும் அழுத்திக் கழுவுவார்கள், அது இன்னும் மோசமாகும். சொறிவதும் அப்படித்தான், சொறியச் சொறியத் தோல் தடித்துப்போகும், தடித்த தோல் இன்னும் அரிக்கும்.

பூஞ்சைத் தொற்று உடலுறவால் மட்டும் வருவதில்லை. ஆன்டிபயாடிக் சாப்பிட்ட பிறகு, கர்ப்ப காலத்தில், சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாதபோது யாருக்கும் வரலாம். அதில் பெரும்பாலும் திரிந்த பால் மாதிரி கெட்டியான வெள்ளைப்படுதல் இருக்கும், நாற்றம் பெரிதாக இருக்காது. மீன் வாடையோடு நீர்த்த சாம்பல் நிறமாக வந்தால் அது பாக்டீரியா சமநிலை குலைந்தது, மருந்தே வேறு. நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் தோல் எரிச்சலைத்தான் நான் முதலில் சந்தேகிப்பேன், ஆனால் நேரில் பார்க்காமல் உறுதியாகச் சொல்லமாட்டேன்.

அந்த கிரீமின் அட்டையில் என்ன எழுதியிருக்கிறது? பூஞ்சை மருந்தோடு பெட்டாமெத்தசோன், குளோபீட்டசால் மாதிரி ஏதாவது இருந்தால் அது ஸ்டீராய்டு கலந்தது. அரிப்பைச் சட்டென அமுக்கிவிடும், காரணம் அப்படியே இருக்கும். உண்மையிலேயே பூஞ்சையாக இருந்தால் வெளியே சரியாகத் தெரியாமலேயே தோலில் பரவி, பிறகு பார்க்கும் டாக்டருக்கே அடையாளம் குழம்பிவிடும்.

இப்போதைக்கு ராத்திரி அரித்தால் குளிர்ந்த தண்ணீரில் நனைத்த சுத்தமான துணியைக் கொஞ்ச நேரம் வையுங்கள். ஐஸ்கட்டியை நேராக வைக்க வேண்டாம். கழுவியதும் தேய்க்காமல் ஒற்றி எடுத்து, வாசனை இல்லாத பெட்ரோலியம் ஜெல்லியை மெல்லிசாகத் தடவினால் சிறுநீர் படும்போது எரிச்சல் குறையும். நகத்தை ஒட்ட வெட்டிவிடுங்கள். தளர்வான பருத்தி உள்ளாடை போடுங்கள், தூங்கும்போது அதுவும் வேண்டாம்.

செம்பருத்தி:

நீலக்குடை சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன், ஏனென்றால் எனக்கு இது நடந்திருக்கிறது. பார்த்தவர்கள் எல்லாரும் பூஞ்சை என்றே மருந்து கொடுத்தார்கள், ஒருவர்கூடத் துணியை விலக்கிப் பார்க்கவில்லை. கடைசியில் ஒரு தோல் மருத்துவர் கண்ணாலேயே பார்த்துவிட்டு லைக்கன் ஸ்கிளரோசஸ் என்றார். தோல் வெள்ளை வெள்ளையாக, சுருங்கின காகிதம் மாதிரி ஆகும், ராத்திரி அரிப்பு அதிகம், லேசாக உரசினாலே வெடிக்கும். மாதவிடாய் நின்றவர்களுக்குத்தான் அதிகம் வரும் என்றாலும் சின்ன வயதிலும் வருகிறது. தொற்றாது. ஆனால் கவனிக்காமல் விட்டால் தழும்பாகி மடிப்புகள் ஒட்டிக்கொள்ளும், வெகு காலம் கழித்துப் புற்றுநோய் வரும் வாய்ப்பும் கொஞ்சம் உண்டு. இதற்கு மருந்தே வீரியமான ஸ்டீராய்டு களிம்புதான், டாக்டர் சொல்லும் அளவில், சொல்லும் இடத்தில் மட்டும். அதனால் ஸ்டீராய்டு என்றாலே விஷம் என்று நினைத்துவிடாதீர்கள், எதற்கென்று தெரியாமல் போடுவதுதான் ஆபத்து. ஒரு கண்ணாடி வைத்து நீங்களே பாருங்கள். வெள்ளைத் திட்டு, வெடிப்பு, ஏதாவது தெரிகிறதா?

வழிப்போக்கி:

அரிப்பு பீரியட்ஸ் சமயத்தில் மட்டும் கூடுகிறதா என்று கவனித்துப் பாருங்கள். எனக்குக் காரணம் பேட்தான், வாசனை இல்லாததுக்கு மாறி அடிக்கடி மாற்ற ஆரம்பித்ததும் நின்றது. அப்புறம், பூண்டு, வினிகர், டீ ட்ரீ ஆயில் என்று யார் எதைச் சொன்னாலும் அங்கே வைக்காதீர்கள், ஏற்கனவே புண்ணான தோல், வெந்துவிடும்.

மழைத்துளி:

எல்லாருக்கும் நன்றி. கிரீமில் பெட்டாமெத்தசோன் என்றுதான் போட்டிருக்கிறது. வாஷில் வாசனையும் இருக்கிறது. கண்ணாடியில் பார்த்தேன், சிவப்பாகத்தான் இருக்கிறது, ஒரு பக்கம் மட்டும் தோல் தடித்த மாதிரி தெரிகிறது, வெள்ளையாக எதுவும் இல்லை. டாக்டரிடம் போய்த்தான் ஆகவேண்டுமா, இல்லை இதை எல்லாம் நிறுத்திப் பார்க்கலாமா?

நீலக்குடை:

எல்லாவற்றையும் நிறுத்துங்கள், ஆனால் அப்பாயின்ட்மென்ட்டும் வாங்கிவிடுங்கள். தோல் தடித்திருக்கிறது, கிரீம் நிறுத்தியதும் திரும்பியிருக்கிறது, அதனால் ஒருமுறை காட்டிவிடுவது நல்லது. கொப்புளமோ புண்ணோ வந்தால், காய்ச்சலோ அடிவயிற்று வலியோ இருந்தால், காத்திருக்காமல் உடனே போங்கள்.

பெண் டாக்டர் வேண்டும் என்று தாராளமாகக் கேட்கலாம். உடலுறவு இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். வெளிப்பக்க அரிப்புக்கு நல்ல வெளிச்சத்தில் தோலைப் பார்த்தாலே பெரும்பாலும் போதும், தேவைப்பட்டால் மெல்லிய பஞ்சுக் குச்சியால் ஒற்றி எடுப்பார்கள், உங்கள் சம்மதம் இல்லாமல் உள்ளே எதுவும் விடக்கூடாது. திரும்பத் திரும்ப வருகிறது என்றால் சர்க்கரையும் பார்க்கச் சொல்வார்கள். அந்த கிரீம் டியூபையும் வாஷ் பாட்டிலையும் மறக்காமல் கையோடு எடுத்துப் போங்கள்மா.