பொது கம்ப்யூட்டர்ல பென்டிரைவ் உபுண்டு: என் ஃபைலும் நிக்கணும், அண்ணன் விண்டோஸும் பத்திரமா இருக்கணும்

கேட்டவர்: சிஎஸ்இ_செல்வி

வணக்கம். எங்க வீட்ல ஒரே ஒரு டெஸ்க்டாப்தான், விண்டோஸ் 11. அண்ணன் அதுல டேலி வச்சு கடைங்களுக்கு கணக்கு எழுதுறார், ராத்திரி அவர் முடிச்சதும்தான் என் முறை. காலேஜ் லேப் எல்லாம் லினக்ஸ்ல நடக்குறதால ரூஃபஸ்ங்கிற, பென்டிரைவ்ல சிஸ்டம் எழுதித் தர்ற சாஃப்ட்வேர் வச்சு 32 ஜிபி பென்டிரைவ்ல உபுண்டு 24.04 போட்டு, பெர்சிஸ்டன்ட் அளவை (அணைச்சாலும் நம்ம மாத்தம் நிக்கிற பகுதி) 10 ஜிபிக்கு நகர்த்தி வச்சேன். நல்லாத்தான் ஓடுச்சு, வைஃபை பாஸ்வேர்டு, டெஸ்க்டாப் படம் எல்லாம் அப்படியே நின்னுச்சு. ஆனா அப்டேட் போட்டதுல இருந்து இடம் குறைஞ்சுட்டே வருது. லிப்ரே ஆஃபீஸை தூக்கினேன், கொஞ்சங்கூட இடம் திரும்ப வரல. ஏன்? இன்னொன்னு, பென்டிரைவ் மேஜை மேலதான் கிடக்கும், வேற யாராவது எடுத்து சொருகினா என் ஃபைல் எல்லாம் தெரியுமா? முக்கியமா அண்ணன் டிஸ்க்ல ஒரு எழுத்துகூட மாறக்கூடாது, அது அவர் பொழப்பு.

மதுரை_டெபியன்

தங்கச்சி, முதல்ல இடம் விஷயம். லைவ் பென்டிரைவ்ல (இன்ஸ்டால் பண்ணாம நேரா ஓடுறது) சிஸ்டம் முழுக்க ஸ்குவாஷ்எஃப்எஸ்னு சுருக்கி வச்ச ஃபைல்ல இருக்கு, அதை படிக்கத்தான் முடியும், மாத்த முடியாது. நீ செய்யிற எல்லா மாத்தமும் அதுக்கு மேல ஓவர்லேன்னு ஒரு அடுக்குல போய் உக்காருது. அச்சடிச்ச பக்கத்து மேல ட்ரேசிங் பேப்பர் வச்சு எழுதுற மாதிரி. லிப்ரே ஆஃபீஸை நீக்கினப்போ கீழ இருக்குற பக்கம் அப்படியேதான் இருக்கு, மேல "இது இல்லை"ன்னு ஒரு குறிப்பு மட்டும் விழுந்துச்சு, அப்புறம் இடம் எங்கிருந்து வரும்? அப்டேட்டும் அப்படித்தான், பழைய பதிப்பு கீழ, புதுசு மேல, ரெண்டும் இடத்தை பிடிச்சுக்கும்.

இதுல கெர்னல் (சிஸ்டத்தோட மூல புரோகிராம்) அப்டேட் சுத்த வீண். பூட் ஆகும்போது கெர்னல் பென்டிரைவோட கேஸ்பர் ஃபோல்டர்ல இருந்துதான் ஏறும், நீ இறக்கின புது கெர்னலை அது திரும்பிக்கூட பாக்காது. அதனால மொத்த அப்டேட் போடாத, ஜிசிசி, பைத்தான் பேக்கேஜ்னு தேவையானதை மட்டும் இன்ஸ்டால் பண்ணு, பிரவுசரை மட்டும் புதுசா வச்சுக்கோ. உபுண்டுவோட புது ஐஎஸ்ஓ (பென்டிரைவ்ல எழுதுற ஃபைல்) வரும்போது ஃபைலை வெளிய எடுத்துட்டு பென்டிரைவை திரும்ப எழுதிக்கலாம்.

பூட்டு_சாவி

ரெண்டாவது கேள்விக்கு நான் சொல்றேன். ஆமா, தெரியும். ரூஃபஸ் போட்டுத்தர்ற பெர்சிஸ்டன்ட் பார்ட்டிஷனுக்கு என்க்ரிப்ஷன் (பாஸ்வேர்டு இல்லாம படிக்க முடியாதபடி பூட்டுறது) கிடையாது. விண்டோஸ்ல சொருகினா அந்த பகுதி படிக்க வராது, ஆனா யாராவது அதே பென்டிரைவ்ல பூட் பண்ணினா பாஸ்வேர்டே கேக்காம நேரா உன் டெஸ்க்டாப்புக்கு போயிடலாம், அட்மின் அதிகாரம் குடுக்குற சூடோவுக்கும் பாஸ்வேர்டு இல்ல. பிரவுசர்ல சேவ் பண்ணின லாகின் எல்லாம் அங்கதான் கிடக்குது, இதைத்தான் நிறைய பேர் யோசிக்கிறதே இல்ல.

கைவசம் இன்னொரு சின்ன பென்டிரைவ் இருந்தா உபுண்டுல டிஸ்க்ஸ் அப்ளிகேஷனை திறந்து அதை லக்ஸ்ங்கிற லினக்ஸ் என்க்ரிப்ஷன் பாஸ்வேர்டோட ஃபார்மேட் பண்ணி, அசைன்மென்ட் எல்லாம் அதுல மட்டும் வை. அண்ணன்கிட்ட ஒன்னு சொல்லி வைக்கணும், விண்டோஸ்ல அதை சொருகினா "ஃபார்மேட் பண்ணவா"ன்னு கேக்கும், கேன்சல்தான் குடுக்கணும், ஓகே குடுத்தா மொத்தமும் போச்சு.

லாகின் எல்லாமும் சேத்து பூட்டணும்னா எம்எக்ஸ் லினக்ஸ் பாரு, அதோட லைவ் யுஎஸ்பி மேக்கர்லயே என்க்ரிப்ட் ஆப்ஷன் இருக்கு. டெய்ல்ஸ் பத்தியும் யாராவது சொல்லுவாங்க, அது ரகசியத்துக்குன்னே செஞ்ச அருமையான லினக்ஸ் சிஸ்டம், 2023-ல வந்த 5.13 பதிப்புல இருந்து பெர்சிஸ்டன்ட் ஸ்டோரேஜுக்கு லக்ஸோட புது வடிவமான லக்ஸ்2 தான். ஆனா நீ ஆன் பண்ணி வச்ச தகவல் வகை மட்டும்தான் நிக்கும், மத்ததெல்லாம் ஷட்டவுன்ல அழிஞ்சிடும், அதுதான் அதோட நோக்கமே. நெட் முழுக்க டார்ங்கிற, ஆளை மறைக்கிற நெட்வொர்க் வழியா போறதால லேப் வேலைக்கு மெதுவா இருக்கும், 7.0 பதிப்புல இருந்து 3 ஜிபி ரேமும் வேணும்.

எதை போட்டாலும் ஒன்னு, கீபோர்டு கேபிள்ல யாராவது கீலாகர் (அடிக்கிற எழுத்தை பதிவு பண்ற கருவி) மாட்டி வச்சா எந்த என்க்ரிப்ஷனும் உதவாது. வீட்டு மெஷின்ல அந்த பயம் இல்ல, பிரவுசிங் சென்டர்ல இந்த பென்டிரைவை சொருகி பேங்க் பாஸ்வேர்டு அடிக்காத.

ஹார்டுவேர்_அண்ணாச்சி

அண்ணன் டிஸ்க் பத்தி கவலைப்பட்டது ரொம்ப சரி. லைவ் உபுண்டு ஓடும்போது மெஷினுக்குள்ள இருக்குற டிஸ்க் தானா மவுன்ட் ஆகாது (திறக்காது), ஃபைல் மேனேஜர்ல அந்த டிரைவ் மேல க்ளிக் பண்ணாம இருந்தா போதும். விண்டோஸ்ல ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் ஆன்ல இருந்தா ஷட்டவுன் பண்ணாலும் பாதி தூக்கத்துலதான் இருக்கும், அந்த நிலையில அந்த பார்ட்டிஷன்ல எழுதினா கெட்டுப்போக வாய்ப்பிருக்கு. அதனால ஷட்டவுன் வேணாம், ரீஸ்டார்ட் குடுத்து அப்போ பூட் மெனு கீயை தட்டு. டெல்லா இருந்தா எஃப்12, எச்பியா இருந்தா எஃப்9.

பயாஸ்குள்ள (மதர்போர்டு செட்டிங்ஸ்) போய் செக்யூர் பூட்டை (நம்பகமான சிஸ்டத்தை மட்டும் ஏற விடுற பாதுகாப்பு) ஆஃப் பண்ணாத, உபுண்டு செக்யூர் பூட்டோடயே ஏறும். அதை மாத்தினா விண்டோஸோட டிஸ்க் பூட்டான பிட்லாக்கர் ஆன்ல இருக்குற மெஷின்ல மறுநாள் காலைல 48 இலக்க ரெக்கவரி கீ கேட்டு நிக்கும், அண்ணன் கஸ்டமரை வச்சுட்டு முழிப்பார். விண்டோஸ் 11-ஓட 24எச்2 பதிப்பை புதுசா போட்ட மெஷின்ல மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட்ல நுழைஞ்சிருந்தா என்க்ரிப்ஷன் தானாவே ஆன் ஆகியிருக்கலாம். இன்னிக்கே அவர் அக்கவுண்ட்ல போய் அந்த கீயை பேப்பர்ல எழுதி வச்சுடுங்க.

அப்புறம் சிலர் எக்ஸ்டர்னல் எஸ்எஸ்டில முழுசா இன்ஸ்டால் பண்ணிக்கோன்னு சொல்லுவாங்க. வேகத்துக்கும் ஆயுளுக்கும் அதுதான் நல்லது, நானும் அதைத்தான் விரும்புவேன். ஆனா உபுண்டுவோட பழைய இன்ஸ்டாலர் எஸ்எஸ்டிய காட்டினாலும் பூட்லோடரை (சிஸ்டத்தை ஏத்தி விடுற புரோகிராம்) உள்ள இருக்குற டிஸ்கோட ஈஎஃப்ஐங்கிற பூட் பார்ட்டிஷன்லயே கொண்டு போய் வைக்கும், இது ஊரறிஞ்ச பிரச்னை. அதனால இன்ஸ்டால் பண்ணும்போது கேபினெட்டை திறந்து உள் டிஸ்க் கேபிளை கழட்டிட்டு பண்ணு, அதுவும் அண்ணன் பக்கத்துல இருக்கும்போது.

சிஎஸ்இ_செல்வி

ரொம்ப நன்றிங்க, ரெக்கவரி கீ இப்பவே அண்ணன்கிட்ட சொல்லி எழுதி வச்சாச்சு. இன்னொன்னு, நான் யூஸ் பண்ணினப்புறம் விண்டோஸ்ல மணி அஞ்சரை மணி நேரம் பின்னாடி காட்டுதுன்னு அவர் சொல்றார், டிஸ்க்ல ஏதாவது ஆயிடுச்சா?

மதுரை_டெபியன்

டிஸ்க்ல ஒன்னும் ஆகல. மதர்போர்டு கடிகாரத்துல லினக்ஸ் யுடிசி (உலகப் பொது) நேரத்தை எழுதுது, விண்டோஸ் அதை நம்ம ஊர் நேரம்னு நினைச்சுக்குது, அந்த வித்தியாசம்தான் அஞ்சரை மணி. டெர்மினல்ல டைம்டேட்சிடிஎல் கமாண்டோட செட்-லோக்கல்-ஆர்டிசி 1ன்னு ஒரு தடவை குடு, பெர்சிஸ்டன்ஸ் இருக்குறதால அது நிக்கும், டைம்ஸோனையும் கொல்கத்தான்னு மாத்திடு. இன்னிக்கு மட்டும் அண்ணனை விண்டோஸ்ல டேட் அண்ட் டைம் போய் சிங்க் நவ் அமுக்க சொல்லு, பில் போடறதுக்கு முன்னாடியே.