காராமணிக் காயில் ஊர்வது எறும்பா, நாவாய்ப்பூச்சியா?

புவனகிரி உழவர்:
வணக்கம். காராமணி காய்க்கும் நேரத்தில் கொத்துக்குக் கொத்து கருப்பாக எறும்பு போல ஏதோ ஊர்கிறது. பிஞ்சு சுருங்குகிறது; உரித்தால் பயறு சாவி, உள்ளே ஒன்றுமில்லை. மருந்துக் கடையில் எறும்புப் பொடி தூவச் சொல்கிறார்கள். தூவலாமா? படம் இணைத்திருக்கிறேன்.

பூச்சிநோக்கி, புதுச்சேரி:
பொடி வேண்டவே வேண்டாம் ஐயா. காராமணிப் பூங்காம்பில் தேன் சுரக்கும். அதற்காக எறும்பும் வரும். அது காயைத் துளைப்பதில்லை. படத்தின் இடது ஓரத்தில் இருப்பது வேறு ஆள். எறும்பின் உணர்கொம்பு முழங்கை மாதிரி மடங்கியிருக்கும். இதற்கு அந்த மடிப்பு இல்லை, நான்கே கணுக்கள். ஒன்றைப் பிடித்துப் புரட்டிப் பாருங்கள். மெல்லிய ஊசிவாய் வயிற்றுப்புறமாகப் படிந்திருந்தால், காயில் அதைக் குத்திச் சாறு உறிஞ்சும் நாவாய்ப்பூச்சியேதான்.

கடலூர் ஆசிரியை:
நாவாய்ப்பூச்சிகளில் மிரிடே குடும்பமாக இருக்குமோ? அதிலுள்ள பைலோபோரஸ் பேரினமும் எறும்பு வேடம் போடுகிறதே.

பூச்சிநோக்கி:
நல்ல சந்தேகம் அம்மா. ஆனால் பைலோபோரஸ் சில மில்லிமீட்டர்தான். வளர்ந்த பிறகும் எறும்புச் சாயல் போகாது. இங்கே இறக்கை மொட்டு தெரிகிறது, அதாவது இன்னும் இளம்பருவம்; அப்படியிருந்தும் ஒரு சென்டிமீட்டர் நீளம். ஆகவே அலிடிடே குடும்பம், ரிப்டார்டஸ் பேரினம் என்பேன். நெல்லில் பால் உறிஞ்சும் கதிர் நாவாய்ப்பூச்சியும் இதே குடும்பம்தான். ரிப்டார்டஸ் இளசாக இருக்கும்போது மட்டும் எறும்பு. இறக்கை முளைத்துப் பறந்தால் குளவி என்றே நினைப்போம். எறும்பைத் தின்னத் தயங்கும் பறவையும் சிலந்தியும் இதையும் விட்டுவிடுகின்றன.

இனத்தை இளம்பருவத்தில் அறுதியிடுவது கடினம். இரண்டைப் புட்டியில் போட்டுப் பச்சைக் காய் கொடுத்து, வாயை வலைத்துணியால் கட்டி வையுங்கள். ஐந்தாம் தோல் உரித்ததும் மார்பின் பக்கவாட்டைப் பாருங்கள். மஞ்சள் கோடு அறாமல் ஓடினால் ரிப்டார்டஸ் லீனியாரிஸ். புள்ளி புள்ளியாக உடைந்திருந்தால் 1775-இல் பூச்சியியலாளர் ஃபாப்ரீசியஸ் பெயரிட்ட ரிப்டார்டஸ் பெடெஸ்ட்ரிஸ்.

புவனகிரி உழவர்:
ஊசிவாய் இருந்தது ஐயா. புட்டியில் ஒன்று நேற்று இறக்கையோடு வந்துவிட்டது; பின்தொடை தடித்து, உட்புறம் முள் வரிசை. மஞ்சள் கோடு உடைந்துதான் இருக்கிறது. இனி என்ன செய்ய?

பூச்சிநோக்கி:
அப்படியானால் பெடெஸ்ட்ரிஸ். வெயில் ஏறினால் பறந்துவிடும்; விடியற்காலையில் கைவலையால் பிடித்து அழியுங்கள். மீந்தவற்றுக்கு 5 சதவீத வேப்பங்கொட்டைச் சாறு, மாலையில். எறும்புகளை விட்டுவிடுங்கள்.